சாட்டை யார் முதுகில்?



விலையை ஏற்றினால் வீண் செலவு விலகிவிடும் என்றொரு வாதம் நாட்டிலே உலவுகிறது. பொருளாதாரம் பயின்றோர் ஏடுகளில் எழுதுகின்றனர். மாடி வீட்டார் மாலைக் காற்று வாங்கியபடி தலையசைத்து ஆமோதிக்கின்றனர். எண்ணெய் மலிவாகக் கிடைப்பதால்தான் மக்கள் கண்டபடி கார் ஓட்டுகிறார்களாம். லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றிவிட்டால், மறுநாள் காலையே அனைவரும் அடக்கமாக ஓட்டத் தொடங்கிவிடுவார்களாம்!

வேறொரு சாராரும் உண்டு. விலையை ஏன் ஏற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் அவர்கள். குறைவாகக் குடிக்கும் வண்டியைக் கொடு, டீசல் காரைக் கொடு, செலவு தானே சுருங்கும் என்பது அவர்கள் கட்சி.

இரண்டு வாதங்களையும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். உரைகல் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மயிலாப்பூர் இருக்கிறது, தியாகராய நகர் இருக்கிறது, அடையாறு இருக்கிறது. இந்த மூன்று ஊர்களின் சாலைகளும் கடந்த பதினைந்து ஆண்டுகளில் மலிவு டீசலையும் கண்டன. நூறு ரூபாய் பெட்ரோலையும் கண்டன. இரண்டும் வந்தன, வீண் ஓட்டம் போயிற்றா? இதுதான் கேள்வி.

முதலில், வீண் என்று எதனைச் சொல்கிறோம்?

காலை எட்டு மணிக்குக் கச்சேரி சாலையில் நின்று பாருங்கள். ஏழு பேர் அமரத்தக்க பெரிய வண்டி ஒன்று ஊர்ந்து வரும். அமர்ந்திருப்பதோ ஒரு பிள்ளையும் ஓர் ஓட்டுநரும். பள்ளிக்கூடம் இருப்பது ஒரு கல் தொலைவில். பிள்ளையை இறக்கிவிட்டு வண்டி வெறுமையாக வீடு திரும்பும். மாலையில் வெறுமையாகப் புறப்பட்டு வந்து, பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும்.

மாலையில் பாண்டி பஜாருக்கு வாருங்கள். நிறுத்த இடம் தேடி ஒரு கார் பனகல் பூங்காவைச் சுற்றுகிறது, பிரகாரம் சுற்றும் பக்தரைப் போல! மூன்று சுற்று, நான்கு சுற்று. வாங்கப் போவதோ ஒரு ரவிக்கைத் துணி. தணிகாசலம் சாலையிலே பல அடுக்கு வாகன நிறுத்தகம் இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு நான்கு எட்டு நடக்க மனம் வருவதில்லை.

அடையாற்றின் மத்திய கைலாஷ் சந்திப்புக்குப் போங்கள். சிவப்பு விளக்கு எரிகிறது. வண்டிகள் நிற்கின்றன, எஞ்சின்கள் நிற்பதில்லை. கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளே குளிர். வெளியே, பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்ணின் முகத்திலே புகை.

இதுதான் வீண். நோயாளியை ஏற்றிச் செல்லும் காரை நாம் வீண் என்று சொல்லவில்லை. முதியவரை, கருவுற்ற தாயை, நடக்க இயலாதவரைச் சுமந்து செல்லும் காரோடு நமக்கு வழக்கில்லை. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் செய்யும் தொழிலாளியின் உழைப்பையும் நாம் பழிக்கவில்லை. நடந்தாலும் போகக்கூடிய இடத்துக்கு, நால்வரோடு சேர்ந்தும் போகக்கூடிய இடத்துக்கு, தனியொருவர் இரண்டு டன் இரும்பை இழுத்துக்கொண்டு போகிறாரே, அதைத்தான் சொல்கிறோம்.

இந்த வீணைக் குறைக்க அறிவுரை சொல்லாமல் இல்லை. 1978ஆம் ஆண்டு பெட்ரோலியச் சிக்கனத்துக்கென்றே தில்லியில் ஓர் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. நின்றால் எஞ்சினை நிறுத்துங்கள், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டருக்குள் ஓட்டுங்கள், சக்கரத்தில் காற்றைச் சரிபாருங்கள் என்று அது ஏறத்தாழ அரை நூற்றாண்டாகச் சொல்லி வருகிறது. நல்ல அறிவுரைதான். சுவரிலே எழுதியிருக்கிறது, சாலையிலே காணோம்!

அறிவுரை தோற்ற இடத்தில் டீசல் வெல்லும் என்றார்கள். அதன் கதையைக் கேளுங்கள்.

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர், 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் ஓர் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். தீப்பொறி வேண்டாம், காற்றை அழுத்தியே சூடேற்றி, அந்தச் சூட்டிலே எண்ணெயை எரியவைக்கும் எஞ்சின். ஒரு துளி எண்ணெயில் ஓடும் தூரம் பெட்ரோல் எஞ்சினைவிட அதிகம். சுமை இழுக்க ஏற்றது. ஆகவே உலகெங்கும் லாரிக்கும் பேருந்துக்கும் டிராக்டருக்கும் இரயிலுக்கும் அதுவே இதயமாயிற்று.

இந்தியாவில் அரசு டீசலின் விலையைத் தாழ்த்தியே வைத்திருந்தது. ஏன்? அரிசி மூட்டையை ஏற்றி வரும் லாரிக்காக. பாட்டாளியைச் சுமக்கும் பேருந்துக்காக. கழனியில் நீர் இறைக்கும் இயந்திரத்துக்காக. நோக்கம் நன்று. பந்தி விரித்தது பசித்தவனுக்கு. ஆனால் பந்தியில் முதல் இலையில் வந்து அமர்ந்தவர் யார் தெரியுமா? பளபளக்கும் காரிலே வந்திறங்கிய கனவான்!

2010ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பெட்ரோல் விலையின் மீதிருந்த கட்டுப்பாட்டை ஒன்றிய அரசு நீக்கியது. டீசல் மீதிருந்ததை நீக்கவில்லை. விளைவு? பெட்ரோல் ஏறியது, டீசல் தாழ்ந்தே நின்றது. 2012 மே மாத இறுதியில் தில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய் 18 காசு. டீசல் 40 ரூபாய் 91 காசு. இடைவெளி 32 ரூபாய்! கார் வாங்கப் போனவர்கள் கணக்குப் போட்டார்கள். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காரில் ஒரு கிலோமீட்டருக்கு 6 ரூபாய். 16 கிலோமீட்டர் ஓடும் டீசல் காரிலோ இரண்டரை ரூபாய். அந்த ஆண்டுகளில் நாட்டிலே விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ இரண்டில் ஒன்று டீசல் கார் என்றாயிற்று.

இதனால் எண்ணெய் மிச்சமாயிற்றா, தோழர்களே? கிலோமீட்டருக்கு மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் டீசல் காரின் விலை பெட்ரோல் காரைவிட ஒரு லட்ச ரூபாய் அளவுக்குக் கூடுதல். கூடக் கொடுத்த லட்சத்தை மீட்க வேண்டுமானால் கூட ஓட்ட வேண்டும். "டீசல்தானே, எடுத்துக்கொண்டு போவோம்" என்ற சொல் வீடுகளில் பிறந்தது. சிறிய கார் பெரிய காராயிற்று. பெரிய கார் இன்னும் பெரிய வண்டியாயிற்று. எஞ்சின் சிக்கனமாயிற்று; அதை ஓட்டிய மனிதர் தாராளமானார்!

இது புதுமையன்று. 1865ஆம் ஆண்டிலேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் நிலக்கரியைப் பற்றி இதைச் சொன்னார். நீராவி எஞ்சின் சிக்கனமாகச் சிக்கனமாக, இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது. மலிவான வேலையை மனிதர் அதிகம் வாங்குவர். கொடுமுடியார்க்கும் குடிசையார்க்கும் பொதுவான இயல்பு அது.

சலுகை எங்கே போயிற்று என்பதற்குச் சான்று வேண்டுமா? ஒன்றிய அரசின் எண்ணெய் அமைச்சகத்தைச் சேர்ந்த பிரிவுக்காக நீல்சன் நிறுவனம் நாடு தழுவ நடத்திய ஆய்வு, 2014 தொடக்கத்தில் வெளியாயிற்று. விற்ற டீசலில் உழவுத் தொழில் முழுவதும், அதாவது டிராக்டரும் நீரிறைக்கும் இயந்திரமும் மற்றக் கருவிகளும் சேர்ந்து, பயன்படுத்தியது 13 விழுக்காடு. தனியார் சொந்தக் கார்கள் மட்டும் குடித்தது? அதுவும் ஏறத்தாழ 13 விழுக்காடு! நாட்டிலுள்ள பேருந்துகள் அத்தனைக்கும் சேர்த்துப் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. உழவன் பெயரால் கொடுத்த சலுகையில் உழவனுக்கு எவ்வளவோ, அவ்வளவு சொந்தக் காருக்கும் போயிற்று. பேருந்துப் பயணிக்கோ அதைவிடவும் குறைவு.

தடுக்க வழியே இல்லாமலா போயிற்று? இருந்தது. 2010இல் கிரீத் பாரிக் தலைமையிலான குழு ஒரு வழி சொன்னது: டீசல் கார் ஒவ்வொன்றின் மீதும் 80,000 ரூபாய் கூடுதல் வரி போடுங்கள், சலுகை விலையால் அவர்கள் அடையும் ஆதாயம் அரசுக்குத் திரும்பட்டும் என்றது. யோசனை ஏட்டோடு நின்றது. தொழில் அதிபர்கள் முகம் சுளித்தார்கள்; அரசு முகம் திருப்பிக்கொண்டது.

புகை பற்றியும் ஒரு சொல். 2012ஆம் ஆண்டு ஜூன் திங்களில், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயத்துக்கிடமின்றி அறிவித்தது. 2015இலோ, ‘தூய டீசல்’ என்று விளம்பரம் செய்து விற்ற ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், சோதனைச் சாலையில் ஒரு முகமும் நெடுஞ்சாலையில் இன்னொரு முகமும் காட்டும் கள்ளக் கருவியை உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் பொருத்தியிருந்தது அம்பலமாயிற்று. சிக்கனத்தின் பெயரால் வந்தது சிக்கனமாகவும் இல்லை, சுத்தமாகவும் இல்லை.

இனி, இந்தக் கதையிலேயே வேதனையும் வேடிக்கையும் கலந்த காட்சிக்கு வருகிறேன்.

2013 ஜனவரி 17. ஒன்றிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. டீசல் சலுகையைக் குறைக்க வேண்டும். ஆகவே சில்லறையாக வாங்குவோருக்கு மாதந்தோறும் லிட்டருக்கு 50 காசு அளவில் மெள்ள மெள்ள ஏற்றுவது. மொத்தமாக வாங்குவோருக்கு உடனடியாகச் சந்தை விலை. மொத்தமாக வாங்குவோர் யார்? இரயில்வே, இராணுவம், மாநிலங்களின் போக்குவரத்துக் கழகங்கள்! ஒரே இரவில், அரசுப் பேருந்துக்குரிய டீசல், சொந்தக் காருக்குரிய டீசலைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய் அளவுக்கு உயர்ந்துவிட்டது. பணிமனையில் சொந்தக் குழாய் வைத்திருக்கும் பேருந்துகள், அதை மூடி வைத்துவிட்டுச் சாலையோரப் பெட்ரோல் பங்க்கிலே கார்களோடு வரிசையில் நிற்க வேண்டிய நிலை பல மாநிலங்களில் வந்தது, தமிழ்நாட்டிலும் வந்தது.

நாடகம் எழுதும் கை சும்மா இருக்குமா? அந்த வரிசையில், பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் செல்லும் 29சி பேருந்தும், ஒரு புதிய டீசல் காரும் அருகருகே நின்று பேசுவதாக எண்ணிப் பாருங்கள்.

"வழி விடும் பெரியவரே! எனக்கு நேரமாகிறது" என்கிறது கார்.

"பொறு தம்பி. உனக்கு லிட்டர் என்ன விலை?"

"எனக்கா? அரசின் தயவில் சலுகை விலை. உமக்கு?"

"எனக்குச் சந்தை விலை. என் பணிமனைக் குழாயிலே பிடித்தால், உன்னைவிடப் பத்து ரூபாய் கூடுதல். அதனால்தான் உன் வரிசைக்கு வந்தேன்."

"ஏனாம்? நீர் என்னைவிடச் செல்வரோ?"

"நான் மொத்தமாக வாங்குகிறேனாம். அதுதான் என் குற்றம்."

"மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்றல்லவா கடைவீதியிலே சொல்வார்கள்?"

"அது ரங்கநாதன் தெரு நியாயம், தம்பி! இது தில்லி நியாயம்!"

"அது கிடக்கட்டும். உம்மோடு எத்தனை பேர் வருகிறார்கள்?"

"அறுபது பேர். உன்னோடு?"

"ஒருவர். அவரும் உறங்குகிறார்."

சிரிக்கிறீர்கள், சிரித்துவிட்டுச் சிந்தியுங்கள். பேருந்து லிட்டருக்கு 4 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுபது பேர் அமர்ந்தும் நின்றும் வந்தால், ஒரு லிட்டரில் 240 மனிதக் கிலோமீட்டர். 16 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒருவர் வந்தால், ஒரு லிட்டரில் 16 மனிதக் கிலோமீட்டர். பதினைந்து மடங்கு சிக்கனமானவனுக்குப் பத்து ரூபாய் தண்டம்! பதினைந்து மடங்கு வீணாக்குபவனுக்குச் சலுகை! விலையைக் கொண்டு வீணைக் குறைக்கப் புறப்பட்டவர்கள் செய்த காரியம் இது.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2022 மார்ச்சிலும் இதே காட்சி திரும்பியது. சில்லறை விலை அசையாமல் நின்றபோது, மொத்தக் கொள்முதல் டீசல் லிட்டருக்கு 25 ரூபாய் அளவுக்கு ஏறியது. அடி விழுந்தது மீண்டும் பேருந்தின் முதுகில்தான்.

பேருந்தின் முதுகில் விழுந்த அடி, பயணியின் மடியில் போய் விழும். 2018 ஜனவரி 20ஆம் நாள் தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் உயர்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். டீசல் விலையேற்றமும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சென்னை நகரப் பேருந்தின் குறைந்த கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாயாயிற்று. மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். இளைஞர்கள் கணக்குப் போட்டார்கள்: இந்தக் கட்டணத்துக்குத் தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிடலாமே என்று! எண்ணெயைச் சிக்கனம் செய்துகொண்டிருந்தவனைப் பேருந்திலிருந்து இறக்கி, பெட்ரோல் பங்க் வாசலில் கொண்டு நிறுத்திய பெருமை அந்த விலையைச் சாரும்.

"சரி, அது போகட்டும். டீசல் சலுகைதான் ஒழிந்துவிட்டதே. இப்போது விலை தன் வேலையைச் செய்யவில்லையா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு முற்றாக நீங்கியது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாறும் முறை நாடெங்கும் வந்தது. இடைவெளி சுருங்கிற்று. 2020 ஏப்ரல் முதல் நாள் பி.எஸ். 6 என்ற கடுமையான புகை விதி வந்தது. டீசல் காரின் விலை மேலும் ஏறும் என்று கண்ட மாருதி நிறுவனம் டீசல் கார் செய்வதையே கைவிட்டது. இரண்டில் ஒன்றாக இருந்த டீசல் கார் விற்பனை, சுமார் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கியது.

ஆகவே, விலைக்கு வலிமை இல்லை என்று நான் வாதிட வரவில்லை. இருக்கிறது. எந்தக் காரை வாங்குவது என்பதை விலை மாற்றிக் காட்டியது. ஆனால் அந்தக் காரை எப்படி ஓட்டுவது, எதற்காக எடுப்பது என்பதை மாற்றியதா? டீசல் போய்ப் பெட்ரோல் வந்தது. உஸ்மான் சாலையின் நெரிசல் போயிற்றா? பனகல் பூங்காவின் பிரகாரம் நின்றதா? கச்சேரி சாலையிலே அந்த ஒற்றைப் பிள்ளையின் அருகே இன்னொரு பிள்ளை ஏறி அமர்ந்ததா? பானம் மாறிற்று, குடிப்பழக்கம் மாறவில்லை!

ஏன் மாறவில்லை? சாட்டை விழும் முதுகு எது என்று பாருங்கள், விளங்கிவிடும்.

2020 மே மாதம். ஊரடங்கிலே உலகம் முடங்கிக் கிடந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை தரையில் விழுந்து கிடந்தது. ஒன்றிய அரசு பெட்ரோல் மீது லிட்டருக்கு 10 ரூபாயும் டீசல் மீது 13 ரூபாயும் வரியை உயர்த்தியது. அடுத்த ஆண்டு உலக விலை எழுந்தபோது, ஏற்றிய வரி இறங்கவில்லை. 2021 ஜூலைத் தொடக்கத்தில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. டீசலுக்கும் அதற்கும் இடையே அப்போது ஏழு ரூபாய்கூட இல்லை. அந்த 100 ரூபாயை இருவர் கொடுத்தனர். இருவரையும் பாருங்கள்.

ஒருவர், வியாசர்பாடியிலிருந்து தியாகராய நகர் ஜவுளிக் கடைக்கு மோட்டார் சைக்கிளில் வரும் விற்பனையாளர். ஊதியம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 30 லிட்டர், 3,000 ரூபாய், ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இன்னொருவர், போட் கிளப் சாலைப் பக்கமிருந்து காரில் வருபவர். வருவாய் 3 லட்சம். மாதம் 100 லிட்டர்; 10,000 ரூபாய்; வருவாயில் முப்பதில் ஒரு பங்கு. விலை ஏறினால் யார் துடிப்பார்? முன்னவர். யாரால் குறைக்க முடியும்? பின்னவரால். குறைக்க முடியாதவர் துடிக்கிறார். குறைக்க முடிந்தவருக்கு வலிக்கவே இல்லை! குதிரை ஒன்று நிற்க, வண்டிக்காரர்மீது சாட்டை வீசினால் வண்டி ஓடுமா?

இதனால்தான் 2021 ஆகஸ்ட் 13ஆம் நாள், நிதியமைச்சர் பழனிவேல் தியாகராசன் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிதிநிலை அறிக்கை வைத்தபோது, மாநிலத்தில் 2 கோடியே 63 லட்சம் இரு சக்கர வண்டிகள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார். ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பென்று கணக்கும் சொன்னார். அந்தக் குறைப்பு காரில் செல்லும் கனவானுக்கும் கிடைத்தது, தடுக்க வழியில்லை. ஒரே குழாயிலிருந்து இருவருக்கும் ஊற்றும்வரை, ஏற்றினாலும் ஏழைக்கு அடி. இறக்கினாலும் செல்வருக்குப் பரிசு. எண்ணெய் விலை என்ற கருவியின் குறை இதுதான். ஆளைப் பார்க்க அதற்குக் கண் இல்லை. இடத்தைப் பார்க்கவும் இல்லை. நேரத்தைப் பார்க்கவும் இல்லை.

அப்படியானால், கண்ணுள்ள கருவி உண்டா? உண்டு.

தமிழர் நன்கறிந்த சிங்கப்பூரைப் பாருங்கள். 1975 ஜூன் திங்களில் அந்நகரம் ஒரு விதி செய்தது. காலை நெரிசல் வேளையில் நகரின் நடுப்பகுதிக்குள் கார் நுழைய வேண்டுமா? நாளொன்றுக்கு 3 வெள்ளி கொடுத்து உரிமச் சீட்டு வாங்கு. ஆனால் காரில் நால்வர் இருந்தால் கட்டணம் இல்லை, பேருந்துக்கும் இல்லை! பாருங்கள் நுட்பத்தை: எண்ணெய்க்கு விலை வைக்கவில்லை, வீணுக்கு விலை வைத்தார்கள். இடம் குறித்து, நேரம் குறித்து, வெற்றிருக்கை குறித்து விலை. காலை வேளையில் நடுநகருக்குள் நுழையும் கார்கள் பெருமளவு குறைந்தன. இலண்டன் 2003 பிப்ரவரியில் அதே வழியில் இறங்கியது. வந்த பணத்தைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டமும் வைத்துக்கொண்டது.

நம் தியாகராய நகருக்கு அப்படியே பெயர்த்து வைத்துவிடு என்று நான் கூறவில்லை. ஆனால் பாடம் தெளிவு. பாண்டி பஜார் நிலத்தின் விலை என்ன என்று கேட்டுப் பாருங்கள், தலை சுற்றும். அத்தகைய நிலத்தில் ஒரு காரின் அளவுக்கு இடத்தை நாள் முழுதும் அடைத்துக்கொள்ளச் சாலையோரத்தில் கார்க்காரர் கொடுப்பது என்ன? பூக்கூடை வைத்திருக்கும் பெண் அரை முழ இடத்துக்கு அஞ்சி அஞ்சிச் சாகிறாள். கார் ஆறு முழத்துக்கு ஆண்டுகொண்டிருக்கிறது! மாலை நெரிசலில் சாலையோர நிறுத்தக் கட்டணம் ஏறட்டும். நிறுத்தகத்தின் கட்டணம் அதைவிடத் தாழட்டும். சுற்றுவது நிற்கும். இந்தச் சாட்டை மோட்டார் சைக்கிள் விற்பனையாளர் மீது விழாது. பேருந்துப் பயணி மீது விழாது. விழ வேண்டிய இடத்தில் மட்டுமே விழும்.

ஆனால் தோழர்களே, தண்டம் மட்டும் போதாது. "காரை விடு" என்று சொல்பவன், "இதோ இதில் ஏறு" என்று காட்டவும் வேண்டும். சென்னையில் 1895இல் ட்ராம் ஓடத் தொடங்கியது. மின்சாரத்தில் ஓடிற்று, மயிலாப்பூர் வரைக்கும் வந்தது. 1953 ஏப்ரல் 12ஆம் நாள் அது நின்றது. அதன்பின் பறக்கும் இரயில் திருமயிலையைத் தொட 1997 ஆயிற்று. திருவான்மியூரைத் தொட 2004. வேளச்சேரியைத் தொட 2007. மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, கோட்டூர்புரம், கஸ்தூர்பா நகர் என்று அடையாற்றைச் சுற்றி நிலையங்கள் நிற்கின்றன. நிலையத்திலிருந்து இறங்கியபின் வீடுவரை நடக்க நல்ல நடைபாதை எங்கே? விளக்கு எங்கே? இணைப்புப் பேருந்து எங்கே? பதில் வராதவரை, கார்க்காரர் சாவியைக் கீழே வைக்கமாட்டார்.

பதில் தெரியாமல் இல்லை. 2014இல் சென்னை மாநகராட்சி, நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் முதலிடம் தரும் கொள்கை ஒன்றை வகுத்தது. போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரின் தியாகராயர் சாலையில் அகன்ற நடைபாதை திறந்தது. 2023 மே மாதத்தில் மாம்பலம் இரயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர்ப் பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாதை வந்தது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. 2025 செப்டம்பரில் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் புறநகர் இரயிலுக்கும் ஒரே சீட்டு தரும் ‘சென்னை ஒன்’ செயலி வந்தது. மயிலையின் அடியிலே மெட்ரோ சுரங்க வேலை நடந்து வருகிறது. இவையெல்லாம் நல்ல தொடக்கங்கள். தொடக்கத்தைத் தொடர்ச்சியாக்கப் பணம் வேண்டும்.

பணம் இருக்கிறது; இருக்கும் இடம்தான் வேறு! 2021 பிப்ரவரிக்குப் பிறகு, ஒரு லிட்டர் பெட்ரோல் மீது ஒன்றிய அரசு வாங்கிய வரி ஏறத்தாழ 33 ரூபாய். அதில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை வரி எவ்வளவு? 1 ரூபாய் 40 காசு! மீதியெல்லாம் செஸ் என்றும், கூடுதல் தீர்வை என்றும் பெயர் சூட்டித் தில்லியே வைத்துக்கொண்டது. 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் வரியைக் குறைத்தார்கள்; பங்கிடும் பங்கை வளர்க்கவில்லை. மாநிலமும் வரி வாங்குகிறது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பேருந்து ஓட்டுவது மாநிலம். நடைபாதை போடுவது மாநகராட்சி. வீண் ஓட்டத்தைக் குறைக்கும் மாற்று வழியை அமைக்க வேண்டியவன் கையில் காசில்லை. காசு வைத்திருப்பவனுக்கு லஸ் முனையின் நெரிசல் தெரியாது.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். எந்நாளும், எக்காரணத்தாலும், அரசுப் பேருந்தின் டீசல் விலை காரின் டீசல் விலையை மிஞ்சக் கூடாது. எண்ணெய் வரியில் நகரப் போக்குவரத்துக்குரிய பங்கு நகரங்களுக்குத் திரும்ப வேண்டும். சாலையோர நிறுத்தக் கட்டணம் அந்தந்தப் பகுதியின் நடைபாதைக்கும் பேருந்துக்குமே செலவாக வேண்டும், கண்ணெதிரே செலவாக வேண்டும். அப்போதுதான் கொடுப்பவர் முணுமுணுப்பதை நிறுத்துவார்.

கடைசியாக, வெளியார் காதில் விழாதபடி நமக்குள் ஒரு சொல். மயிலை மாங்கொல்லையிலே பொதுக்கூட்டம் என்றால், தலைவரை அழைத்து வர நாற்பது வெள்ளைக் கார்கள் அணிவகுக்கும் வழக்கம் எல்லாக் கட்சிகளிலும் வளர்ந்துவிட்டது. ஒரு காருக்கு ஒருவர். மேடைக்குப் பின்னால் எஞ்சின் அணையாமல் இரண்டு மணி நேரம்! மேடையில் ஏழைக்காக முழங்கும்போது, மேடைக்குப் பின்னால் எரிவது யாருடைய எண்ணெய்? பேருந்தில் வந்து இறங்கி, கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கும் தொண்டருக்கு அது தெரியும், அவர் சொல்லமாட்டார். நாற்பது பத்தாகட்டும். வட்டத்திலிருந்து வரும் தோழர்கள் பறக்கும் இரயிலில் திருமயிலையில் இறங்கி, கொடி பிடித்து நடந்து வரட்டும். ஊர்வலமும் ஆயிற்று; சிக்கனமும் ஆயிற்று. கூட்டத்துக்கு வரும் மக்கள் நம் பேச்சைக் கேட்பதற்குமுன் நம் வருகையைப் பார்க்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

டீசல் கார் சிக்கனத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. விலையேற்றமும் கற்றுக்கொடுக்கவில்லை, ஏழையைத்தான் வாட்டியது. வீணுக்கு விலை வைத்து, அந்த விலையைப் பேருந்தாக மாற்றித் தெருவுக்குத் திருப்பும் நகரமே சிக்கனம் கற்கும். எண்ணெய் விலை ஏறுகிறது என்ற செய்தி அடுத்த முறை ஏட்டிலே வரும்போது, எவ்வளவு ஏறியது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். யார் முதுகில் ஏறியது, யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள்!